வருவான் என்று சொன்னார்கள்

கம்பம் மெட்டுச் சாலையில் ஜீப் ஓட்டுகிறவர்களில் ஞானசிகாமணி ஒருவர்தான் மார்மன் சபையைச் சேர்ந்தவர். அந்தப் பெயரை ஸ்டாண்டில் யாரும் சரியாகச் சொன்னதில்லை. சிலர் வேதக்காரர் என்றார்கள், சிலர் பெந்தெகொஸ்தே என்று நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலம் திருத்திப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார். விடிவதற்குள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கம் இறக்கிவிடுவார். சாயங்காலம் அவர்களையே கூட்டிக்கொண்டு இறங்குவார். அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில்தான் கழிந்தது.

சொந்த ஊர் ஓடைப்பட்டி. திராட்சைத் தோட்டக் குடும்பம். பந்தலில் பழுத்துத் தொங்கும் குலைகள், அறுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெய்கிற ஒரு மழையில் வெடித்து அழுகிப்போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். அப்பா ஒவ்வொரு முறையும் பந்தலுக்கடியில் நின்று, "முன்னக்கூட்டித் தெரிஞ்சிருந்தா" என்று மட்டும் சொல்வாராம். தோட்டத்தை அண்ணன் வேலுச்சாமியிடம் விட்டுவிட்டு இவர் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு மில்லில் வேன் ஓட்டினார். மனைவி ராஜமணியும் கைக்குழந்தை திலீபனும் கூடவே போனார்கள்.

வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்த இரண்டு இளைஞர்கள் அவர்கள் குடியிருந்த காம்பவுண்டுக்கு வந்தது அங்கேதான். ஒருவன் ஆந்திராக்காரன், மற்றவன் அமெரிக்காக்காரன். மோசேயிடம் பேசிய கடவுள் பேச்சை நிறுத்திவிடவில்லை, இன்றைக்கும் பூமியில் ஒரு தீர்க்கதரிசி உயிரோடு இருக்கிறார் என்று அவர்கள் ஓட்டைத் தமிழில் சொன்னார்கள். ஞானசிகாமணியைப் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். தீர்க்கதரிசி என்றால் வரப்போவதைப் பார்க்கிறவர். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அந்தப் பையன்களும் விளக்கவில்லை. சில மாதங்களில் அவரும் ராஜமணியும் ஞானஸ்நானம் எடுத்தார்கள்.

பிறகு ஊர்ப்பக்கமே திரும்பி வந்து, கம்பத்தில் குடியேறி, பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். பக்கத்தில் சபை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்க் கூட்டத்தைப் போனில் பார்ப்பார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அமெரிக்காவில் சபையின் பொது மாநாடு நடக்கும். தீர்க்கதரிசியும் அப்போஸ்தலர்களும் பேசுவதைத் தமிழ்க் குரலில் கேட்கலாம். அந்த இரண்டு நாளும் ஞானசிகாமணி வண்டி எடுக்க மாட்டார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

திலீபன் வளர்ந்தான். ஐ.டி.ஐ. முடித்தான். வீடு தேடி வந்த அந்த இளைஞர்களைப்போல அவனையும் இரண்டு வருட ஊழியத்துக்கு அனுப்பவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவனும் மறுக்காமல்தான் இருந்தான். அப்போதுதான் கொரோனா வந்தது. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்து தொற்றிக்கொண்ட பெரியப்பா வேலுச்சாமி ஆடி மாதத்தில் இறந்துபோனார். மூட்டைபோல் கட்டிக் கொடுத்த உடலைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். கம்பத்துக்கு வந்த நாளிலிருந்து திலீபன் பெரியப்பாவின் தோளில் வளர்ந்தவன்.

கேரள எல்லை மூடியிருந்த நாட்கள். ஸ்டாண்டில் ஜீப்புகள் வரிசையாகச் சும்மா நின்றன. ஒருநாள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஞானசிகாமணி ஊழியத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். எல்லை திறந்ததும் மனு போடலாம் என்றார்.

"எதுக்குப்பா போகணும்?" என்றான் திலீபன். "போயி என்ன சொல்லணும்? ஒரு தீர்க்கதரிசி இருக்காகன்னு சொல்லணும். அவுக இதுவரைக்கும் என்ன சொல்லி நடந்திருக்கு?"

"அப்படிப் பேசாத."

"தெரியாமத்தான் கேக்குறேன். ஒலகமே முடங்கிப்போச்சு. இப்படி ஒண்ணு வரப்போகுதுன்னு ஒரு வார்த்தை முன்னாடி சொன்னாகளா?"

"சொன்னாகல்ல. ஞாயித்துக்கிழமை ஆராதனையக் கொறச்சு, வீட்டுல குடும்பமா ஒக்காந்து படிங்கன்னு முன்னாடியே ஏற்பாடு பண்ணாகல்ல. அது எதுக்கு? வீட்டுல அரிசி பருப்பு சேத்து வையிங்கன்னு எத்தனை வருசமாச் சொல்றாக."

"அது நடந்த பெறகு நீங்களாச் சேத்துக்கிட்ட அர்த்தம். எல்லாருந்தான் அரிசி வாங்கி வைக்கச் சொல்லுவாக. வேலுச்சாமின்னு ஒருத்தர் சாகப்போறாரு, அவரக் கல்யாண வீட்டுக்கு அனுப்பாதீகன்னு ஒருத்தரும் சொல்லலையே. பேசாம ஜோசியர்னு சொல்லாம நல்ல மனுசர்னு சொல்லுங்க, நான் ஒத்துக்குறேன்."

ஞானசிகாமணி கையிலிருந்த ஈரத்துணியைப் போட்டுவிட்டு மகனைக் கன்னத்தில் அறைந்தார். மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையை ஓங்கவில்லை. கன்னத்தில் பட்ட தண்ணீரைத் துடைத்துக்கொண்டு நடந்து போனான்.

எல்லையில் பாஸ் கொடுக்க ஆரம்பித்ததும் திலீபன் மேலே போய்விட்டான். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கேயே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த நதியாவை அடுத்த வருடம் முருகன் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். ராஜமணி மட்டும் போய்வந்தாள்.

அந்த வருடத்து மாநாட்டில்தான் தலைவர்களில் ஒருவர் பிள்ளைகள் விலகிப்போன பெற்றோருக்காகப் பேசினார். நீங்கள் விசுவாசத்தில் நிலைத்திருந்தால் உங்கள் பிள்ளைகள் திரும்பி வருவார்கள், இந்த வாழ்விலோ இனி வரும் வாழ்விலோ, என்று தமிழ்க் குரல் சொன்னது. ஞானசிகாமணி எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பேச்சு தனக்காகவே அனுப்பப்பட்டது என்று நம்பினார். வாக்கியத்தின் பின்பாதியும் அவர் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"வருவான்," என்றார் ராஜமணியிடம். "சொல்லிட்டாக."

"வரட்டும். அதுக்குள்ள நாம ஒருதரம் போயிப் பாத்துட்டு வந்தா என்ன?"

"நாம போனா அது நாம போனது. அவன் வருவான்னு சொல்லிருக்காக."

ராஜமணி தனியாகவே பஸ் பிடித்துப் போவாள். அவள் கிளம்புகிற நாள் அவருக்குத் தெரியும். அன்றைக்கு ஓடைப்பட்டியிலிருந்து பன்னீர் திராட்சை வாங்கி வந்து பைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். யாருக்கு என்று அவரும் சொல்ல மாட்டார், அவளும் கேட்க மாட்டாள். பேரன் பிறந்ததும், மகிழன் என்று பெயர் வைத்ததும் அவள் வாய்வழியாகவே அவருக்குத் தெரிந்தன.

தினமும் அந்த ஸ்டோருக்குப் பிரிகிற பாதையைக் கடந்துதான் அவர் ஜீப் போகும். ஒருமுறை பாதை முனையில் திலீபன் சாக்குமூட்டைகளோடு லாரிக்குக் காத்து நின்றான். ஜீப்பைப் பார்த்துவிட்டான். நிறுத்துவார் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு எட்டு முன்னால் வைத்தான். ஞானசிகாமணி வளைவுக்கு அடிப்பதுபோல ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் இருந்த முத்துப்பேச்சி என்ற தோட்டத் தொழிலாளிப் பெண், "அண்ணே, ஒங்க மகனில்ல நிக்கிறது?" என்று கேட்டாள். "அவனா வருவான்த்தா," என்றார். நிறுத்தினால் அந்த வாக்கு கெட்டுவிடும் என்பதுபோல ஒரு பயம் அவருக்கு.

நான்கு வருடம் இப்படியே போயிற்று. ஒரு புரட்டாசியில் ராஜமணிக்கு வயிற்றுவலி தாங்காமல் தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பித்தப்பையில் கல், சீழ் பிடித்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். அவளே மகனுக்குப் போன் செய்துவிட்டுத்தான் உள்ளே போனாள். மத்தியானம் திலீபன் வந்தான். ஏலக்காய் ஸ்டோர்ப் புகை வாசம் அடிக்கிற சட்டையோடு, அப்படியே கிளம்பி வந்திருந்தான். ரத்தம் தேவைப்படுமா என்று நர்ஸிடம் கேட்டான், மருந்து வாங்கி வந்தான், அப்பாவுக்கு இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தான். ஆபரேஷன் முடிந்து, பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் வராந்தாவில் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பேசுவதற்காகத்தான் வந்து உட்கார்ந்தான்.

ஞானசிகாமணிக்குக் கண் கலங்கியது. அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது இதுதான்: "பாத்தியா, சொன்னாக. அப்படியே நடந்துருச்சு. அன்னைக்குக் கேட்டியே, இதுவரைக்கும் என்ன சொல்லி நடந்திருக்குன்னு."

திலீபனுக்கு முதலில் புரியவில்லை. மாநாட்டுப் பேச்சை அவர் விளக்கினார். விளக்க விளக்க அவன் முகம் மாறியது.

"நான் அம்மாவுக்காக வந்தேன்ப்பா," என்றான். "அவுக சொன்னதுக்கு வரல."

"நீ எதுக்கு வந்தாலும் வந்துட்டேல்ல."

அவன் எழுந்து உள்ளே போனான். அம்மா வீடு திரும்பும்வரை கூடவே இருந்தான், ஒரு வேலையும் விடவில்லை. அப்பாவிடம் மட்டும் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பத்தில் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அன்று படுத்திருந்தபடியே ராஜமணி சொன்னாள். "அவன் வந்தான். நீங்க அவனப் பாக்கல. நீங்க ஜெயிச்சதத்தான் பாத்தீக."

அந்தச் சொல் அவரைப் பல நாள் தூங்கவிடவில்லை. கடைசியில் அருண்பாண்டியைத் தேடிப் போனார். அருண்பாண்டி போடிக்காரர், கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் வேலை, அங்கே சபையின் கிளைத் தலைவராக இருந்தவர். விடுமுறைக்குப் போடிக்கு வந்திருந்தார். ஞானசிகாமணி சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தம்பி, நம்ம தலைவர்க நிஜமாவே வரப்போறதச் சொல்றாகளா, இல்லையா?"

"நானும் தேடிப் பாத்திருக்கேண்ணே," என்றார் அருண்பாண்டி. "ஆரம்ப காலத்துல அப்படிச் சொன்னதா நெறைய எழுதி வச்சிருக்காக. இப்ப உள்ளவுக இன்னது நடக்கும், இன்னைக்கு நடக்கும்னு சொல்லி நான் கேட்டதில்ல. புத்தி சொல்றாக, எச்சரிக்கை பண்றாக, ஆறுதல் சொல்றாக. தீர்க்கதரிசிங்கிறதோட மூல வார்த்தைக்குக் கடவுள் பேரால பேசுறவர்னுதான் அர்த்தம்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாக. நம்ம தமிழ் வார்த்தை அதவிடப் பெருசாப் போயிருச்சோ என்னமோ."

"அப்ப அந்தப் பேச்சு பொய்யா?"

"பொய்யின்னு சொல்ல மாட்டேன். நானும் இந்த நம்பிக்கையிலதான் இருக்கேன். ஆனா அது ஒங்க மனசு ஒடஞ்சு போகாம இருக்கச் சொன்னது. திலீபன் மேல போட்ட உத்தரவு இல்ல. நீங்க போகக்கூடாதுன்னு அவுக சொல்லவே இல்லையேண்ணே."

ஞானசிகாமணி தலையை ஆட்டினார். வெளியே வந்து ஜீப்பில் ஏறியவர் சாவியைப் போடாமல் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். சபையின் மீது அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பாதை முனையில் மகன் முன்னால் வைத்த அந்த ஒரு எட்டுதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. நிறுத்தவேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தது அவருடைய கால்தான்.

மறுநாள் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, ஸ்டோருக்குப் பிரிகிற பாதையில் வண்டியைத் திருப்பினார். திலீபன் குடியிருந்தது எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய, தகரம் வேய்ந்த லயன் வீடுகளில் ஒன்று. நதியா வெளியே வந்து, யார் என்று ஒரு கணம் விழித்துவிட்டு, "கேறி வாங்க மாமா," என்று உள்ளே கூப்பிட்டாள். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. மகிழன் கதவுக்குப் பின்னால் நின்று, "ஆரும்மா அது?" என்று கேட்டான். அவள் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை.

திலீபனுக்கு ஆள் போயிற்று. அவன் வந்து, "வாங்கப்பா," என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நதியா டீ கொண்டுவந்தாள். அந்தச் சபைக்காரர்களுக்கு டீயும் காப்பியும் விலக்கு. "அவுக குடிக்க மாட்டாக. பால் குடு," என்றான் திலீபன். அது அவன் மறக்காமல் வைத்திருந்தது என்று ஞானசிகாமணிக்குப் பட்டது. விருந்தாளியைக் கவனிப்பது போலவும் பட்டது.

"ஆஸ்பத்திரியில நான் பேசுனது தப்பு," என்றார். "ஸ்டாண்டுல கை நீட்டுனதும் தப்பு."

"விடுங்கப்பா. அதெல்லாம் ஆச்சு."

"நீ ரோட்டுல நின்னப்ப நான் நிறுத்திருக்கணும்."

திலீபன் தரையைப் பார்த்தான். "அன்னைக்கு நிறுத்திருந்தா ஏறிருப்பேன்," என்று மட்டும் சொன்னான். சொன்ன குரலில் கோபமே இல்லை. அதைத்தான் ஞானசிகாமணியால் தாங்க முடியவில்லை.

டிரையரில் ஏலக்காய் கிடக்கிறது, வெப்பம் பார்க்கவேண்டும் என்று அவன் எழுந்தான். ஆனாலும் பாதை குறுகலாக இருந்ததால் கூடவே வந்து ஜீப்பைப் பின்னால் எடுக்க வழி சொன்னான். "இன்னும் வாங்க, இன்னும், போதும்," என்று பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். அவர் முன்பக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்டோருக்குள் போயிருந்தான்.

அதற்குப் பிறகு ஞானசிகாமணி அடிக்கடி அங்கே போகிறார். நதியா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாள், சில நாள் சாப்பிடுவார். பேரன் இப்போது ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்காருகிறான். திலீபன் மரியாதைக்குக் குறைவில்லாமல் பேசுவான், சீக்கிரமே வேலைக்குப் போய்விடுவான். அவன் கம்பத்து வீட்டுக்கு இதுவரை வரவில்லை. வரச்சொல்லிக் கேட்கலாமா என்று ஞானசிகாமணி மலையேறும்போதெல்லாம் யோசிக்கிறார். அவன் முகத்தைப் பார்த்ததும், தோட்டத்தில் மழை எப்படி என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்.