பதினொரு மணிக்கு அறுந்த இணைப்பு

எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். பட்டுப்புடவைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் வேலை. அதுவரை ஒவ்வொரு டிசைனையும் சிடியில் பதிந்துகொண்டு ஜவுளிக் கடைக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்கா வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு, புருஷன், குழந்தையோடு தாமல் என்ற ஊரில் இருந்தாள். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரைச் சொன்னதே இல்லை. அம்மாவின் சாவுக்கு வந்தவளையும் தெருவிலேயே நிற்க வைத்தார்.

லைன்மேன் வந்து கூடத்து போனுக்குப் பக்கத்தில் மோடத்தை வைத்தார். நடுவில் சின்ன டப்பா ஒன்றைப் பொருத்தினார். ஒரே கம்பியில் வரும் பேச்சையும் நெட்டையும் அது பிரித்துவிடுமாம். ஆனால் மறுநாளிலிருந்தே, காலை பதினொரு மணி வாக்கில் மோடத்தின் விளக்கு அணையும். பத்து நிமிடம் கழித்துத்தான் எரியும். போய்க்கொண்டிருந்த டிசைன் பாதியில் நின்றுவிடும்.

புகார் சொன்னேன். லைன்மேன் அதே நேரத்துக்கு வந்தார். விளக்கு அணைந்ததும் கூடத்து போனைக் காதில் வைத்துப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தார்.

"உள்ள இன்னொரு போன் இருக்குதாம்மா?"

"அப்பா ரூம்ல இருக்குது. ஆனா அவரு யாருக்கும் பண்றதில்லையே."

"யாரோ லைன்ல இருக்காங்கம்மா. பேச்சு ஒண்ணும் இல்ல, எங்கியோ ஒரு கொழந்த சத்தம்தான் கேக்குது. அந்த போனுக்கு டப்பா போடல, அதான் எடுத்தா நெட்டு கட்டாவுது."

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அப்பா எனக்கு முதுகு காட்டி, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. நான் திரும்பி வந்து, டப்பாவை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம் என்று லைன்மேனை அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் அப்பா தூங்கியதும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"காலைல உனக்கு போன் எதுனா வருதாக்கா?"

"அம்மா போனதுலேர்ந்து தெனம் வருது. மூச்சு மட்டும்தான் கேக்கும். அப்பான்னு எனக்குத் தெரியாதா? போனைப் பக்கத்துல வச்சிக்கினு சமைப்பேன். பாப்பா பேசறது அவருக்குக் கேக்கட்டும்னு."

"நீயா எதுனா பேசேன்."

"பேசினா வச்சிடுவாரு."

"நாளைக்கு ஒரு வாட்டி பேசிப் பாரு."

மறுநாள் விளக்கு அணைந்ததும் அப்பாவின் அறைக்கு வெளியே போய் நின்றேன். அக்கா என்ன சொன்னாளோ தெரியாது. ரொம்ப நேரம் கழித்து அப்பாவின் குரல் கேட்டது.

"எவ்ளோ ஒயரம் வந்துட்டா?"

அந்த மாதமே அக்கா குழந்தையோடு வந்தாள். அப்பா தெருவுக்கு இறங்கிப் போய்ப் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டார். அக்கா புருஷனை மட்டும் அவர் கடைசி வரை வீட்டுக்கு அழைக்கவில்லை. அடுத்த வருடம் அப்பா போனபோது பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தது அந்த மனுஷர்தான். அவரையும் கூப்பிடுங்கள் என்று அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தை வந்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.