வட்டத்துக்கு வெளியே நின்ற கேலக்ஸிகள்

எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். ஆராய்ச்சிக்குப் போன பிறகுதான் அதற்கு உருப்படியான வேலை கிடைத்தது.

கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிய கேலக்ஸிகள் வானத்தில் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடப்பதில்லை. நீளநீளமான இழைகளாக இருக்கின்றன. இழைகள் சந்திக்கும் இடங்களில் நூற்றுக்கணக்கில் கூடிக் கொத்தாகின்றன. அப்படி ஒரு கொத்தைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருந்தேன். நடுவிலிருந்து ஒரு வட்டம் போட்டு, உள்ளே இருப்பதை மட்டும் கணக்கில் சேர்ப்பது என் கைடின் வழக்கம். நானும் போட்டேன். வெளியே தள்ளியவை பெரும்பாலும் இரண்டே பக்கத்தில், எதிரெதிராக நின்றன.

வட்டம் தப்பு என்றேன். கொத்துக்குள் கேலக்ஸிகள் வந்து விழுவது இழை வழியாகத்தான், அதனால் அந்தத் திசையிலேயே கொத்தும் நீண்டிருக்கும் என்றேன். எங்கள் அன்னவாசலில் சந்தைக் கூட்டம் வட்டமாகவா நிற்கிறது? ஜனம் வருகிற ரோட்டோடு நீண்டுதான் நிற்கும். கைடு அசையவில்லை. பார்வைக்கு வரிசையாகத் தெரியும், தூரத்தை அளந்தால் ஒன்று முன்னால் இருக்கும், இன்னொன்று எங்கோ பின்னால் இருக்கும் என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. தூரம் பொருந்தாவிட்டால், இதைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்தையே தீசிஸிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று முடித்துவிட்டார். அதில்தான் என் இரண்டு வருட உழைப்பு இருந்தது.

லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, தொலைநோக்கியில் அளந்த தூரங்கள் மெயிலில் வந்தன. வீட்டுக்குள் டவர் எடுக்காது. மொட்டை மாடியில், அம்மா காயப்போட்டிருந்த மிளகாய்க்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். நெடியில் தும்மித் தும்மி, கண்ணில் நீர் வழிய, ஒவ்வொரு கேலக்ஸியாக அதன் தூரப்படி படத்தில் புள்ளி வைத்தேன். இரண்டு மட்டும் எங்கோ பின்னால் போயின. மற்றவையெல்லாம் கொத்தை ஒட்டிய தூரத்திலேயே தொடராக வந்தன. கொத்தின் உட்பகுதியும் அதே திசையில் நீண்டிருந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். மிளகாயைக் கிளற வந்த அம்மா, ஏன் அழுகிறாய் என்று பதறினார்.

படத்தைக் கைடுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரே போன் செய்தார்.

“நீ சொன்னதுதாம்மா சரி. அந்த அத்தியாயத்தையே முதல்ல வை. அப்ப இத்தனை வருஷமா நான் வட்டம் போட்ட கொத்தையெல்லாம் திரும்பப் பாக்கணுமே. யாரு பாக்கிறது?”

“நீங்கதான் சார் பாக்கணும். நான் தீசிஸ் எழுதணும்.”