நான் பிய்த்த சிவப்பு ஸ்டிக்கர்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. ஆம்பூரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையின் மேல் இருக்கிறது எங்கள் ஊர். சாதாரணக் காய்ச்சல் என்றாலும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் குழந்தைகளைப் பார்க்க மாதம் ஒருமுறை மருத்துவ வேன் ஒன்று பள்ளிக்கூடம் வரை ஏறி வரும். வெளிநாட்டு உதவியில் ஓடும் வண்டி. அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் நாட்டின் பெயர்தான் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் அட்டைப்பெட்டிகளிலும் இருக்கும். "நாம செய்ற ஷூவைப் போட்டுக்கினு நமக்கு ஊசி அனுப்பறாங்க" என்று தெருவில் கிண்டல் செய்வோம்.

கம்பெனியில் நான் செக்கர். தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் பிசகிய இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். நான் ஸ்டிக்கரைக் கையில் எடுத்தாலே தையல் லைனில் இருப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. நாலு எட்டு ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று திட்டிக்கொண்டே இருப்பேன். அன்று லீவு போட்டுவிட்டு வேனுக்கு அழைத்துப் போனேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த நர்ஸ், அவள் அட்டையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "கொஞ்சம் உட்காருங்கக்கா, கடைசியா டாக்டர் கூப்பிடுவாரு" என்றார்.

பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்து, "இன்னா, உன் பொண்ணுக்கு மட்டும் ஒட்டிக்கிறாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரார் முன்னால் என் குழந்தையைக் குறையுள்ள சரக்காக்கிவிட்டார்களே! ஸ்டிக்கரைப் பிய்த்தேன். மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதே கோபத்தில் அதைக் கதவு நிலையில் அப்பினேன். கொஞ்ச நேரத்தில் வேன் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. போய்த் தொலையட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். வாசலில் அந்த நர்ஸ். என்னைவிடச் சின்னப் பெண். பள்ளிக்கூடத்துக்கு மேல் வண்டி வராது. சேற்றில் நடந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பாதி மலை இறங்கிய பிறகுதான், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு குழந்தையை டாக்டர் பார்க்கவில்லை என்று தெரிந்து வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள்.

"எம் பொண்ணு இன்னா டேமேஜ் பீஸா?" என்று கத்தினேன். கம்பெனியில் என் வேலை, அங்கே நான் ஒட்டும் ஸ்டிக்கர் என எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டித் தீர்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. "சரிக்கா, நீங்க ஸ்டிக்கர் ஒட்டின ஷூவை இன்னா பண்ணுவாங்க? தூக்கிப் போட்டுடுவாங்களா?"

"அதெப்படி? சரி பண்ண அனுப்புவாங்க" என்றேன். சொல்லும்போதே கதவு நிலையில் நான் அப்பிய ஸ்டிக்கரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இதயத்துல வித்தியாசமா ஒரு சத்தம் கேக்குதுக்கா. இப்பவே பார்த்துட்டா சரி பண்ணிடலாம். வாங்க."

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேனிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் ஓட்டை என்றார் டாக்டர். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். சிகிச்சைச் செலவும் அந்த உதவியிலிருந்தே வந்தது. இரண்டே மாதத்தில் ஓட்டையை அடைத்தாயிற்று. "இனி பயமே வேண்டாம்மா" என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அப்பாடா என்று மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

இப்போது அவள் எனக்கு முன்னால் மலையேறி, மேலே நின்றுகொண்டு "ஏம்மா, சோம்பேறி, சீக்கிரம் வா" என்கிறாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

கதவு நிலையில் அந்த ஸ்டிக்கர் வெளுத்துப்போய் இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரைக்கூட அதன்மேல் கை வைக்க விடவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும்போது அது கண்ணில் படும். அந்த நர்ஸ் பெண் மட்டும் அன்று திரும்பி வராமல் போயிருந்தால் என்று நினைத்து, தூங்கும் மகளின் நெஞ்சில் ஒருமுறை கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.