பனி மூடிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம்

புதுவீடு கட்டி முடியும் தறுவாயில், அழைப்பிதழை அச்சகத்தில் கொடுக்க வேண்டாம், நானே கையால் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பல மாதங்களாகக் காகிதக் கைவேலை வீடியோக்களைப் பார்த்ததன் விளைவு. அவற்றில் வரும் வெளிநாட்டுப் பெண்கள் ரப்பர் அச்சை மையில் ஒற்றி, அட்டையில் மெல்ல வைத்து எடுப்பார்கள், பூ மலர்ந்திருக்கும். அவர்கள் வீட்டில் பால் பொங்கி வழிவதில்லை. தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை.

ஆன்லைனில் வரவழைத்த அச்சுப் பெட்டியைத் திறந்தேன். கொம்பு வைத்த மான், ஊசியிலை மரம், கம்பளிக் கையுறை, கூரை முழுக்கப் பனி மூடிப் புகைபோக்கி வைத்த ஒரு வீடு. குத்துவிளக்கும் இல்லை, மாவிலையும் இல்லை. எங்கள் விசேஷத்துக்குப் பொருந்தியது வீடு ஒன்றுதான். திண்டுக்கல் வெயிலுக்கு அந்தப் பனி கொஞ்சம் அதிகம். ஆனால் திருப்பி அனுப்பக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நீல மையில் ஒற்றி எடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

முகவரிக்குத் தமிழ் எழுத்து அச்சு கிடைக்கவில்லை. பேகம்பூரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடையில் எழுதிக் கொடுத்தேன்.

"எந்த ஆபீஸுக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆபீஸ் இல்லைங்க, வீடு."

"வீட்டுக்கு எதுக்கும்மா சீலு?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் செய்து கொடுத்தார்.

என் கணவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அதுவரை என் கலையை எட்டிப் பார்க்காதவருக்குச் சீலைக் கண்டதும் கை துறுதுறுத்தது. "நீ தள்ளு, இதெல்லாம் எங்க வேல" என்று உட்கார்ந்து டம் டம்மென்று குத்தினார். பளபளப்பான அட்டையில் அந்த மை சீக்கிரம் காயாது. அவரோ ஃபைல்களைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார். முகவரி முழுக்க இழுவி ஊதாக் கறையானது. அந்தக் கறைக்குக் கீழே, பழக்கதோஷத்தில், ஒவ்வொன்றிலும் கையெழுத்து வேறு போட்டிருந்தார்.

நேரில் போய்த்தானே அழைக்கப்போகிறோம், இடத்தை வாயால் சொல்லிவிட்டால் போகிறது என்று சமாதானம் செய்துகொண்டோம்.

மலையடிவாரத்தில், வத்தலக்குண்டில் இருக்கும் அவருடைய பெரியப்பா அழைப்பிதழை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "வீடு எந்தப் பக்கம்டா?"

"மலையப் பாத்தாப்புல பெரியப்பா. மொட்டமாடியில நின்னா மலதான்."

பெரியப்பா மறுபடி படத்தைப் பார்த்தார். "குளுருமேடா?"

"குளுராம? ராத்திரியில போர்வ இல்லாம முடியாது" என்றார் இவர். புதுவீட்டுக்காரருக்கு அன்று எதைக் கேட்டாலும் பெருமைதான். வீடு திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டில் என்பதை மட்டும் இவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று காலை, ஹோமப் புகைக்கு நடுவில் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. "வந்துட்டோம்ப்பா. எப்படி வரணும்?"

"ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துருங்க பெரியப்பா."

"இங்க ஆட்டோவையே காணோம். குதிரதான் நிக்கிது."

இவருக்கு விளங்கவில்லை. "எங்க நிக்கிறீக?"

"ஏரிக்கரையிலதான். இம்புட்டு மூடுபனியில எந்த வீடுன்னு எப்படித் தெரியும்?"

பெரியப்பாவும் பெரியம்மாவும் கொடைக்கானலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பந்தியெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு, சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். பெரியப்பா ஸ்வெட்டரைக் கழற்றாமலேயே வியர்த்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அழைப்பிதழை என் கணவர் முன்னால் நீட்டினார்.

"மருமக ஆசைக்கு ஏதோ படம் போட்டிருக்கு. நீ கையெழுத்துப் போட்டிருக்கியே, பாக்காமயாடா போட்ட?"

"நான் சீல் இருக்கான்னுதான் பாத்தேன் பெரியப்பா."

"ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

சுற்றி நின்ற அவருடைய சக ஊழியர்கள் இருவர் அவசரமாக வெற்றிலைத் தட்டைப் பார்த்து நகர்ந்தார்கள்.

நான் பெரியம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய் மிச்சமிருந்த சாம்பார் சாதத்தைச் சூடாக்கிக் கொடுத்தேன். கோபமாக இருப்பார் என்று பயந்து, அச்சுப் பெட்டியில் பொருந்திய படம் அது ஒன்றுதான் என்று சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அடிவாரத்துலயே வாக்கப்பட்டு, அங்கனயே வயசும் போச்சு. எத்தன தடவ கேட்டிருக்கேன், இந்த மனுசன் மேல கூட்டிட்டுப் போனதே இல்ல. இன்னைக்குத்தான்த்தா பாத்தேன். படகுலகூட ஏத்திவிட்டாரு."

சொல்லிவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பொட்டியில கடல் படம் எதும் இருக்காத்தா?"