சாப்பாட்டை விசாரித்த இயந்திரம்

குமுதாவுக்குத் தொண்டை கட்டிப் பல மாதங்களாகிவிட்டன. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து, ஃபெரி ஏறி, ஜார்ஜ் டவுன் சரக்கு கம்பெனிக்குள் நுழைந்ததும் போனை எடுத்தாக வேண்டும். எந்த லாரி எந்த கேட்டுக்குப் போவது என்று ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டுச் சொல்வதுதான் அவள் வேலை.

அதிலிருந்து தப்பிக்கத்தான் ஏபிஐ கிளையன்ட்டைப் பழகினாள். ஆபீஸ் சாட்டுக்குள்ளேயே இருக்கும் கருவி அது. ஒரு வரிக் கட்டளை தட்டினால், சரக்கு சிஸ்டத்திலிருந்து கேட் எண்ணை வாங்கி, சொன்ன குழுவில் போட்டுவிடும்; வேறு வரி எழுதினால் அதையும் போடும். போட்டதும் '200' என்று காட்டும். செய்தி போய்ச் சேர்ந்ததென்று பொருள். படித்தார்களா என்பது அதற்குத் தெரியாது. டிரைவர்கள் ஒருவரும் பதில் போட்டதில்லை.

"இன்னிக்கும் எவனும் ரிப்ளை பண்ணலன்னா, பழையபடி போன்தான்லா," என்று மேலாளர் மோகனராஜ் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அந்தக் கவலையில் கட்டளையை மறுபடி சோதித்தாள் குமுதா. எதையாவது எழுத வேண்டுமே என்று, சாப்பிட்டாச்சா என்பதை மலாயில் 'சுடா மாக்கான்?' என்று தட்டினாள். டிரைவர்கள் குழுவின் பெயரை எடுத்துவிட்டுச் சோதனைக் குழுவின் பெயரைப் போட மறந்துபோனாள்.

200.

அடுத்த நிமிடம் டிரைவர்கள் குழு கலகலத்தது. "ஆச்சு!" "இன்னும் இல்ல, ரோடெல்லாம் ஜாம்!" டிரைவர் ஹபீப் முகம்மது ரொட்டி சானாய் தட்டையே படம் பிடித்து அனுப்பினார்.

மோகனராஜ் எட்டிப் பார்த்தார். "மெஷினுக்கு யாரு மரியாதை சொல்லிக் குடுத்தா?"

"சாரி பாஸ், குரூப் மாறிப் போச்சு. அழிச்சிடவா?"

"அழிக்காதே! கேட் நம்பரை இதுக்குப் பின்னாலேயே போடு."

போட்டாள். "ஓகே, கேட் மூணு," "ஓகே, கேட் அஞ்சு" என்று வரிசையாக வந்தன. அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம்; சாப்பிட்டாயா என்று கேட்டால் பினாங்கில் யாரும் சும்மா இருப்பதில்லை. கண்டுபிடிப்பு என்று இதைக் கொண்டாட முடியாது. குழுப் பெயரைப் பார்க்காமல் தட்டியதுதான் நடந்தது.

"ஓகேலா, இனிமே போன் வேணாம்," என்று மோகனராஜ் நகர்ந்த கையோடு போன் அடித்தது. ஹபீப்.

"தங்கச்சி, நாங்க எல்லாம் சொல்லிட்டோம். மெஷின் சாப்டுச்சா?"

"மெஷின் எங்கண்ணே சாப்டும்? நான்தான் இன்னும் சாப்டல," என்றாள், கட்டிய தொண்டையோடு.

"அப்ப ஏன் பேசிக்கிட்டிருக்கே? போனை வைலா!"

வைத்தாள்.