தபால் தலை கேட்டேன்

சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவள் எதைத் தொடும் முன்பும் முந்தானையில் கையைத் துடைத்து, ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். யுத்தம் முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்த புருஷனின் கடிதங்கள் அவளுக்கு மறுபடி வரத் தொடங்கின. ஸ்டாம்பு வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். தமிழ் வாத்தியார் அல்லவா? "தபால் தலை சேர்க்கிறேன். உன் கடிதத்தினுடையது கிடைக்குமா?" என்றேன்.

மறுநாள் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். கடிதத்தின் மேல்பகுதியைக் கிழித்து எடுத்து வந்திருந்தாள்.

"தலை கேட்டியே வாத்யாரே, இந்தா. இதுல இன்னா எழுதிக்கீது?"

"என் உயிருக்கு உயிரான தங்கத்துக்கு" என்று படித்தேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "தபால்காரரு இத்தப் படிக்கவே மாட்டாரே! எப்பவும் 'நலம்'னுதான் ஆரம்பிப்பாரு."

கையைத் துடைத்தாள், முகர்ந்தாள், இன்னொரு முறை துடைத்தாள். பிறகுதான் துண்டைத் திரும்ப வாங்கினாள்.

அதன்பின் ஒவ்வொரு கடிதத்தையும், தபால்காரர் படித்த பிறகு, உறையோடு என்னிடம் கொண்டுவருவாள்.

"தலைய மட்டும் படி வாத்யாரே."

படிப்பேன். உறையில் என்ன ஸ்டாம்பு ஒட்டியிருந்தது என்று ஒருமுறைகூடப் பார்த்த ஞாபகம் இல்லை.