சயானில் பிறக்காத ஐந்து குட்டிகள்

சயான் என்று எழுதியது நான்தான். மற்றவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைக் கொட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஜாதி நாய் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். ஜாதி நாய் என்ற சொல்லை எத்தனையோ வருடம் நான் கூசாமல் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதும்போதுதான் கை நிற்கிறது. சங்கத்துக்கு மாதம் ஒரு செய்தி மடல் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் போகும். யார் வீட்டு நாய் குட்டி போட்டது, யார் வீட்டு நாய் இறந்துபோனது, தடுப்பூசி முகாம் எங்கே, அடுத்த கண்காட்சி எந்த மைதானத்தில், பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆறு வருடமாக அதைத் தொகுத்தது நான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கடிதம் எழுதி எழுதிப் பழகிய கை. காலையில் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் வடாலா வருவதற்குள் ஒரு பத்தியை முடித்துவிடுவேன்.

ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேசியவர் நடுத்தர வயது ஆண். அவசரமில்லாத குரல்.

"மேடம், நான் தாராவியிலருந்து பேசுதேன். உங்க பேப்பர நாய் டாக்டர் அனுப்புவாரு, எம் மவ படிச்சுக் காட்டுவா. யார் யார் வீட்டு நாயி குட்டி போட்டுச்சுன்னு போடுதிய. எங்க வீட்டுக் கன்னியும் அஞ்சு குட்டி போட்டிருக்கு. தாயும் குட்டியளும் நல்லா இருக்கு. அதையும் போட்டியன்னா சந்தோசப்படுவோம்."

கன்னி தெற்கத்தி வேட்டை நாய். கறுப்பு உடம்பும், கண்ணுக்கு மேலேயும் காலிலும் பழுப்பும், ஒட்டிய வயிறுமாக இருக்கும். படத்தில் பார்த்திருக்கிறேனே தவிர நேரில் பார்த்ததில்லை. அவருக்கு நான் எழுதிய முதல் பதில், "பேப்பர்ஸ் இருக்கா?"

ஆறு வருடத்தில் வேறு யாரிடமும் நான் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. என் வீட்டில் இருக்கும் குட்டைக்கால் டாஷண்ட்டுக்குக் காகிதம் எதுவும் கிடையாது. மாட்டுங்காவில் ஒரு சிநேகிதி கூடையில் வைத்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு வந்தேன். அதை வைத்துக்கொண்டுதான் சங்கத்தில் உறுப்பினர் ஆனேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து நான்கு படங்கள் வந்தன. பதிவுச் சான்றிதழ், தாய் தகப்பன் விவரம், கழுத்துத் தோலுக்கடியில் வைத்த சிப்பின் எண், தடுப்பூசி அட்டை. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, மகள் எழுதியிருக்க வேண்டும்: வேறு ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

வெட்கமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சயானில் இறங்கி நடந்தே போனேன். அவருக்குச் சொந்தமாகப் பை தைக்கும் பட்டறை. நான்கு மெஷின்களில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன. நான்காவது, பின்சுவரை ஒட்டியது, துணி போட்டு மூடியிருந்தது. அதன் பக்கத்தில் ரெக்ஸின் சுருள்களை நகர்த்திவிட்டு, விரித்திருந்த பழைய போர்வையில் கன்னி படுத்திருந்தது. ஐந்து குட்டிகளும் வரிசையாகப் பால் குடித்துக்கொண்டிருந்தன. ஆள் வந்ததும் தாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. குரைக்கவில்லை.

"இந்த மெஷினு ரிப்பேரா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். சத்தம்னா இதுக்கு ஆவாது. குட்டியெல்லாம் எந்திச்சு நடக்கது வரைக்கும் ஓட்ட வேண்டாம்னு நிறுத்திட்டேன்."

குட்டிகளைக் கேட்டு ஆட்கள் வருகிறார்களா என்றேன். வருகிறார்கள் என்றார். முந்தின நாள் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். "பதினாலாவது மாடில இருக்காராம். நாய வெளிய கொண்டுபோக ஆளு இல்லயாம். ஓடணும் மேடம் இது. நான் தெனம் விடியக்காலம் சயான் பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்." கல்லூரியில் படிக்கும் அவர் மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது என்றாள். அடுத்த கண்காட்சியில் இந்திய நாய்களுக்குத் தனிப் பிரிவு உண்டா என்று விசாரித்தாள். உண்டு என்றேன். அந்தப் பிரிவை மடலில் அறிவித்ததே நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் செய்தியை எழுதினேன். தாராவியில் கன்னி நாய் ஒன்று ஐந்து குட்டிகள் ஈன்றிருக்கிறது, தாயும் சேய்களும் நலம். வழக்கம்போல் சங்கச் செயலாளருக்குப் பார்வைக்கு அனுப்பினேன். அவர் பெரிய கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், மாட்டுங்காவில் இரண்டு லாப்ரடார் வளர்ப்பவர். உடனே போன் வந்தது.

"தாராவின்னு போடணுமா?"

"அங்கதானே இருக்கார்."

"அதுக்கில்ல. அங்கல்லாம் குட்டி போட வச்சு விக்கறதே தொழில். நாம போட்டா நாமளே சர்டிஃபிகேட் குடுத்த மாதிரி ஆயிடும்."

"போன மாசம் கோல்டன் ரிட்ரீவர் பதினோரு குட்டின்னு போட்டோமே. அவர் விக்கலையா?"

"அவர் நமக்குத் தெரிஞ்சவர்."

"இவரை நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்திருக்கேன்."

அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு, "சரி, ஒண்ணு பண்ணுங்கோ. சயான்னு போட்டுடுங்கோ. பக்கத்துலதானே இருக்கு. யாருக்கும் உறுத்தாது" என்றார்.

அன்று சாயங்காலம் மடல் போயாக வேண்டும். வாதாட அலுப்பாக இருந்தது. செய்தி வராமல் போவதைவிட இது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாராவியை அழித்துவிட்டுச் சயான் என்று தட்டினேன். அரை நிமிட வேலை.

மறுநாள் மதியம் ஆபீஸில் இருக்கும்போது பட்டறைக்காரர் கூப்பிட்டார். முதலில் நன்றி சொன்னார். பிறகு தயங்கிக்கொண்டே, "மேடம், சயான்னு போட்டிருக்காமே. மவ படிச்சா" என்றார்.

"ஆமா. பக்கத்துல இருக்கறதால..."

"எங்க நாயி சயான்ல குட்டி போடலியே மேடம். எங்க பட்டறைலதான போட்டுச்சு. நீங்க வந்து பாத்தியளே."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த முறை சரியாகப் போடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கும் நாள் வந்தது. அவர் மகள் எல்லாவற்றையும் இணைத்து ஆன்லைனில் படிவம் அனுப்பியிருக்கிறாள். எனக்கும் ஒரு நகல் அனுப்பினாள். ஆபீஸில் நாள் முழுக்கப் படிவம் பார்ப்பவள் நான். அதில் ஒரு குறையும் இல்லை. நான்காம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"ஆண்ட்டி, ஃபார்ம் வாபஸ் அனுப்பிட்டாங்க. ஹவுசிங் சொசைட்டி லெட்டர் வேணுமாம். நாய் அந்த அட்ரஸ்லதான் இருக்குன்னு பில்டிங் சொசைட்டி செக்ரெட்டரி கையெழுத்து போட்டுத் தரணுமாம். எங்க சந்துல சொசைட்டி எங்க இருக்கு?"

இப்படி ஒரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது. விதிகளை மடலில் போடுகிறவளே நான்தான். சங்கச் செயலாளரைக் கூப்பிட்டேன்.

"கமிட்டில முடிவு பண்ணினோம். அட்ரஸ் ப்ரூஃப் மாதிரி" என்றார்.

"எல்லாருக்குமா?"

"தேவைப்படறவாளுக்கு."

"யாருக்குத் தேவைப்படறதுன்னு யார் முடிவு பண்றா?"

"நீங்க ஏன் இதைப் பெர்சனலா எடுத்துக்கறேள்?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டேன். நான் இருக்கும் கட்டடத்தின் சொசைட்டி என் நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. நான் போய்க் கடிதம் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். செயலாளரின் கட்டடத்தில் அவருடைய லாப்ரடார்கள் இரண்டும் பின்படிக்கட்டு வழியாகத்தான் இறங்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மும்பையில் நாய் வளர்க்கிறவனுக்கு அன்போடு கடிதம் கொடுக்கும் சொசைட்டி எங்கே இருக்கிறது? தாராவிக்காரரிடம் மட்டும் அதைக் கேட்கிறார்கள். அவரிடம் இருக்கவே முடியாத ஒன்று எது என்று உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்த மாத மடலை நான் யார் பார்வைக்கும் அனுப்பவில்லை. முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு திருத்தம் போட்டேன். இரண்டு மாதம் முந்தைய இதழில் சயான் என்று வந்த செய்தி தவறு, அந்தக் குட்டிகள் தாராவியில் பிறந்தவை, தவறு தொகுப்பாளருடையது, வருந்துகிறேன். அதற்குக் கீழே, வரப்போகும் கண்காட்சிகள் என்ற தலைப்பில், கமிட்டியின் புதிய முடிவைத் தடித்த எழுத்தில் போட்டேன். நாயைக் கொண்டுவரும் ஒவ்வொருவரும் தத்தம் ஹவுசிங் சொசைட்டியிடமிருந்து கடிதம் வாங்கி வர வேண்டும். ஒவ்வொருவரும் என்பது நான் சேர்த்தது. அதைச் சேர்த்ததற்கு இன்றும் எனக்கு வருத்தமில்லை.

காலை எட்டு மணிக்கு அனுப்பினேன். ரயில் செம்பூரைத் தாண்டுவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பதினோரு குட்டிக்காரர், தன் சொசைட்டியோடு கோர்ட் வரை போயிருப்பவர், கத்தித் தீர்த்தார். தன் பாமரேனியனைக் காய்கறிப் பையில் ஒளித்து மாடிக்குக் கொண்டுபோகும் ஒரு அம்மாள், "கடுதாசி கேட்டா நாய் இருக்கறதே தெரிஞ்சுடுமேடி" என்று அழாக்குறையாகச் சொன்னாள். எல்லோரையும் செயலாளரிடமே கேட்கச் சொன்னேன். இரண்டாம் நாள் சாயங்காலம் விதி ரத்து என்று கமிட்டியிலிருந்து அறிவிப்பு வந்தது. கன்னியின் படிவத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் செயலாளர் என்னை அழைத்து, இனிமேல் மடலை ஒரு டிசைன் குழு கவனிக்கும், நீங்கள் ரெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆறு வருடத்துக்கு நன்றி என்றும் சொன்னார்.

கண்காட்சி செம்பூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. பந்தல் நிழல், மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பெரிய பிரிவுகளுக்கு. இந்திய நாய்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். உச்சி வெயிலில், வண்டி நிறுத்தும் ஓரத்தில், ஜெனரேட்டருக்குப் பத்தடி தள்ளிக் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டு ராஜபாளையம், ஒரு முதோல், பிறகு கன்னி. ஜெனரேட்டர் சத்தத்தில் கன்னி வாலை ஒடுக்கிக்கொண்டு பட்டறைக்காரர் மகளின் காலோடு ஒட்டி நின்றது. நாய் நிமிர்ந்து நிற்காவிட்டால் நடுவர் என்ன பார்க்க முடியும்? நான் செயலாளரைத் தேடிப் புறப்பட்டேன். அதற்குள் அந்தப் பெண் கயிற்றைத் தகப்பனார் கையில் கொடுத்துவிட்டு ஜெனரேட்டர்காரரிடம் போய், நாய் பயப்படுகிறது, பத்து நிமிடம் நிறுத்துங்கள் என்று இந்தியில் கேட்டாள்.

"பையா, தஸ் மினிட் பந்த் கரோ நா. குத்தா டர் ரஹா ஹை."

அவர் நாயைப் பார்த்தார். ஜெனரேட்டரை அணைத்துவிட்டார். மைதானம் முழுக்க மைக் நின்றது, மின்விசிறிகள் நின்றன. பந்தலில் யார் யாரோ சத்தம் போட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கன்னி ஓடியது. நீளமாகக் காலை வீசி, மண்ணைத் தொட்டதும் தெரியாமல், அவள் பக்கத்திலேயே ஓடித் திரும்பி வந்து நின்றது. வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மாள் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், இன்னொரு முறை ஓடச் சொன்னார். கன்னிக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பட்டறைக்காரரே என்னிடம், "நியாயம்தான்க்கா. குட்டி போட்ட ஒடம்பு, இன்னும் தேறல. அந்த ராஜபாளையம் நல்ல உருப்படி" என்றார். மேடமாக இருந்தவள் அக்காவாகியிருந்தேன்.

மின்சாரம் வந்ததும் மைக்கில் செயலாளரின் குரல் கேட்டது. தாராவியிலிருந்து நம் சங்கம் கண்டெடுத்த கன்னி என்றார். கண்டெடுத்த. பிறகு போட்டோக்காரரோடு நேரே வந்து, பட்டறைக்காரர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, நாயை நடுவில் நிறுத்திச் சிரித்தார். என்னையும் வரச் சொன்னார். வர முடியாது என்றேன். அந்தப் பெண்ணும் தள்ளி நின்றுவிட்டாள்.

அவர்கள் டெம்போவில் நாயை ஏற்றும்போது நான் கேட்டேவிட்டேன். "எதுக்கு அந்த மனுஷனோட நின்னேள்?"

"போட்டோல நாயி நிக்குதுல்லாக்கா. அவரு நின்னா நின்னுட்டுப் போறாரு" என்றார். அடுத்த கண்காட்சி புனேயில், அதற்குள் நாயைத் தேற்றிவிடலாம் என்று மகளிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லை. மறுநாள் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த விதியைக் கொண்டுவந்தது யார், எந்தக் கூட்டத்தில், என்ன காரணம் சொல்லி, எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. மாதா மாதம் அதே கடிதத்தைத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பதினோரு குட்டிக்காரர், தானும் அதில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.